கையை எடுங்க என்று நான் கத்தியதற்கான தொழில்நுட்பக் காரணங்கள்

கிட்வே,
18 அக்டோபர் 2007, வியாழன்.

என் தாயின் உடன்பிறந்தவரும், என் கல்யாணத்தைப் பேசி முடிக்கும் உரிமை உள்ள ஒரே மனிதருமான கசாமாவில் இருக்கும் மாமா அவர்களுக்கு, மருமகன் கலுபா பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மாவும் தங்கைகளும் நானும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வழக்கம்போல மழைக்கு முன்பே வலிக்கத் தொடங்கிவிட்டது. மழைதான் வரவில்லை. வெயில் தகரத்தை உரிக்கிறது. இந்த வெயிலுக்கு இக்கடிதத்தில் பங்கு உண்டு, ஆகவே குறித்துக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் கரையான் புற்றின் மேல் ஏறி நின்று போன் செய்து, "ஏண்டா, மாமியாரைப் பார்த்துக் கத்தினியாமே?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. பதில் இதுதான்: பார்க்கவில்லை. கத்தினேன். இரண்டும் வேறு வேறு. நான் சுவருக்குப் பின்னால், அதுவும் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் இதை இங்கே யாரும் காதில் வாங்குவதாக இல்லை. வருகிற இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை யுனிஸ் வீட்டுப் பெரியவர்கள் கூடுகிறார்கள். நாம் வெள்ளைத் துணியால் மூடிப் பெண் கேட்டு அனுப்பிய தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பேசப் போகிறார்கள். தட்டு திரும்பி வந்தால் யுனிஸ் எனக்கு இல்லை. ஒரு கார் பிளேயருக்காக! மூன்று வருடம் கார் மின்சாரம் படித்துச் சான்றிதழ் வாங்கியவனுக்கு இந்த நிலைமை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். யுனிஸின் அம்மா ஆகஸ்டில் டார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து ஒரு ஜப்பான் கார் இறக்கினார்களே, அதில் பிளேயர் காரோடு சேர்த்தே கட்டப்பட்டது. மேலே கேசட் வாய், கீழே சிடி வாய். பட்டன்களில் பாதி ஜப்பான் எழுத்து. அதன் ரேடியோ அந்த நாட்டு அலைவரிசைக்குச் செய்தது, நம் நிலையங்கள் பெரும்பாலும் அதில் விழாது. ஆகவே கேசட்டும் சிடியும்தான் கதி. அவர்களோ தேவாலயப் பெண்கள் பாடகர் குழுவுக்குத் தலைவி. நவம்பர் முதல் ஞாயிறு என்டோலாவில் போட்டி. குழு பாடிப் பழகும் புதுப் பாட்டுகள் எல்லாம் ஒரே ஒரு கேசட்டில்தான் இருக்கின்றன. "மாப்பிள்ளைதான் கார் மின்சாரம் பார்க்கிறாரே, இந்தப் பெட்டியை எப்படி இயக்குவது என்று சொல்லட்டும்" என்று ஆள் அனுப்பினார்கள். நியாயமான கேள்வி. காரில் பக்கத்தில் உட்கார்ந்து காட்டியிருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் விருந்து வைத்து என்னை வீட்டுக்குள் அழைக்கும் சடங்கு முடியும்வரை நான் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. தெருவில் எதிரே வந்தால் சாக்கடையில் இறங்கி நிற்கிறேன் மாமா. இந்த மாதம் மட்டும் இரண்டு ஜோடி செருப்பு போயிற்று. வழக்கத்தை நான் கேள்வி கேட்கவில்லை. கேட்டது வழக்கத்துக்கும் பெட்டிக்கும் நடுவே நீங்கள் நிறுத்திய மனிதரைத்தான்.

ஆம், நம் சிபுகோம்பே லுகோண்டே ஐயாவைத்தான். சிபுகோம்பேயாகப் பெண் கேட்கப் போகிற தூதர் இதமாகப் பேச வேண்டும், முப்பது வருடம் ஊர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவரைவிட நல்ல ஆள் கிடையாது என்று நீங்கள்தான் அவரைப் பிடித்தீர்கள். பெண் கேட்கச் சரிதான். பெட்டிக்கு? நான் ஒன்பது வரியில் எல்லாவற்றையும் தெளிவாக எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

"மாமியாருக்குத் தாளா? சம்மன் அனுப்புறியா நீ? பேச்சு வாய் வழியாத்தான் போகணும், தம்பி."

"அப்ப மனப்பாடம் பண்ணிக்குங்க, ஐயா. ஒன்பதே வரி."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். விரல் விட்டு எண்ணினார். "இதுல ஆறு 'கூடாது' இருக்கே."

"ஆமா. கூடாதுன்னா கூடாது."

"மாப்பிள்ளை மாமியாருக்குக் 'கூடாது'ன்னு சொல்லி அனுப்பின கதையை நான் எங்கேயும் கேட்டதில்ல. நீ பொண்ணு கேட்டு வந்தவன். உத்தரவு போட வந்தவன் இல்ல."

"உத்தரவு நானா போடுறேன்? பெட்டி போடுது."

"பெட்டி பொண்ணு கேக்கலையே, தம்பி."

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? ஒரு இயந்திரத்தின் கையேட்டில் 'கூடாது'வை எல்லாம் எடுத்துவிட்டால் அட்டைதான் மிஞ்சும். அவர் எடுத்துவிட்டார். சாவியை ஒரு திருப்புத் திருப்பாமல் எஜெக்ட் பட்டனை அழுத்தக் கூடாது என்று நான் சொன்னது, "எஜெக்ட் பட்டனை நீங்கள் அழுத்தினால் உங்கள் பிள்ளைக்குச் சந்தோஷம்" என்று போய்ச் சேர்ந்தது. அவர்களும் என்னைச் சந்தோஷப்படுத்த அழுத்தினார்கள், அழுத்தினார்கள், சாவி சமையலறையில் கைப்பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கேசட் வரவில்லை. வெண்ணெய் தடவும் கத்தியால் நெம்பினார்கள். வெளியே வந்தது போதகரின் பிரசங்கக் கேசட், நாடா பின்சீட்டு வரைக்கும் நீண்டு கிடந்தது. அவர் பிரசங்கம் எப்போதுமே நீளம்தான், அதை விடுங்கள். அடுத்து, ஒட்டுத்தாள் ஒட்டிய சிடியைப் போடக் கூடாது, வெயிலில் பசை இளகி உள்ளே பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். அது எப்படிப் போயிற்று தெரியுமா? "ஒட்டுத்தாள் ஒட்டிய சிடிகளைப் பற்றி உங்கள் பிள்ளை மிகுந்த அக்கறையோடு இருக்கிறார்." அக்கறைப்படுகிறாரே என்று அவர்கள் உட்கார்ந்து ஏழு சிடிகளுக்கும் பூப்போட்ட தாளைக் கத்தரித்து, மாவுப் பசை காய்ச்சி ஒட்டினார்கள். யுனிஸ்தான் வந்து சொன்னாள்.

போன மாதக் கடைசியில் பெட்டி சூடேறித் திரையில் 'வெயிட்' என்று காட்டியது. சூடு ஆறும்வரை எதுவும் ஓடாது, காரை நிழலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும், எட்டாவது வரியில் எழுதியிருந்தேன். அந்த வரியில் 'வெயிலில் நிறுத்தக் கூடாது' என்று ஒன்று இருந்ததால் லுகோண்டே ஐயா வரியையே விழுங்கிவிட்டார். ஆகவே யுனிஸின் அம்மாவும் குழுவில் நான்கு பெண்களும் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தூசி வராமல், மரியாதையாகக் காத்திருந்தார்கள். "யாருக்காகக் காத்திருக்கோம்?" என்று ஒருத்தி கேட்டாளாம். "தெரியலை, வருவாங்க" என்றார்களாம் இவர்கள். கண்ணாடி மூடியதால் சூடு ஏற, சூடு ஏறியதால் 'வெயிட்' நீள, 'வெயிட்' நீண்டதால் இவர்கள் இன்னும் பொறுமையாக உட்கார, நாற்பது நிமிடம்! முதல் வருட மாணவன்கூட இதைப் படம் போட்டு விளக்கிவிடுவான்.

இனி முக்கியமான ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆராதனை முடிந்ததும் தேவாலய முற்றத்தில் வைத்து, போன வருடம் என்டோலாவில் ஜெயித்த குழுவின் சிடியைப் போட்டுப் பார்க்கலாம் என்று யுனிஸின் அம்மா முடிவு செய்தார்கள். குழுவின் அந்த ஒரே கேசட் அப்போது மேல் வாய்க்குள் இருந்தது, இதை மறக்காதீர்கள். உதவிக்கு நான் தேவாலயச் சமையலறைச் சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும், லுகோண்டே ஐயா நடுவே போய்வருவார் என்று ஏற்பாடு. சுவரிலிருந்து கார் முப்பது அடி. அவருக்கு வயது எழுபத்தொன்று. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு பெண் சொன்னாள்: "அம்மா, உள்ளே ஏற்கெனவே ஒரு சிடி இருக்குன்னு விளக்கு எரியுதே."

யுனிஸின் அம்மா: "நான் ஒண்ணும் போடலையே. அது சும்மா எரியுது. கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே."

நான் லுகோண்டே ஐயாவிடம், "ஓடுங்க ஐயா! உள்ளே இருக்கிறதை வெளியே எடுத்துட்டுத்தான் அடுத்ததைப் போடணும்! தள்ள வேணாம்னு சொல்லுங்க!" என்றேன்.

அவர் ஓடவில்லை. நடந்தார். தொப்பியைக் கழற்றினார். கார்க் கதவோரம் குந்தி உட்கார்ந்து மூன்று முறை கை தட்டி மரியாதை செய்தார். "வீட்டில் எல்லாரும் நல்லா எழுந்தீங்களா?" என்றார். "நல்லா எழுந்தோம், உங்க வீட்டில்?" என்றார்கள் அவர்கள். "எங்க வீட்டிலும். மழைதான்..." "ஆமா, மழைதான்..." இந்த மழைப் பேச்சுக்கு நடுவே பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் ஏறிக் 'கறுக்' என்று ஒரு சத்தம். மாமா, கை உடைந்தால் டாக்டருக்கு எப்படித் தெரியுமோ அப்படித்தான் எனக்கு இந்தச் சத்தம். கத்தினேன். "கையை எடுங்க! தள்ளாதீங்க!" இவ்வளவுதான். 'எடுங்க' என்றுதான் சொன்னேன், 'எடு' என்று அல்ல. மரியாதை குறையவில்லை என்பதற்கு முற்றத்தில் அறுபது சாட்சிகள் இருக்கிறார்கள்.

சமையலறையில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். யுனிஸின் அம்மா சிட்டெங்கே துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, சாவியைக்கூட எடுக்காமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்கள். உள்ளே இரண்டு சிடி சிக்கிப் பெட்டி அணைந்துவிட்டது. கேசட்டும் மாட்டிக்கொண்டது.

சாயங்காலம் யுனிஸ் பட்டறைக்கு வந்தாள். "நீ கட்டிக்கப் போறது என்னையா, அந்தப் பெட்டியையா?" என்றாள்.

"உள்ளே ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணைத் தள்ளினது யாரு?"

"அம்மா எதுவும் போடலைன்னு சொல்றாங்க."

"அப்ப சிடி உள்ளேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சுதா?"

அவள் எனக்காகக் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சொன்ன முட்டைக் கணக்கு அன்று இரவுக்குள் அவர்கள் வீட்டை எட்டிவிட்டது. இப்போது குற்றம் இரண்டாம். ஒரு வெள்ளைக் கோழியும் ஒரு துணியும் அனுப்பி மன்னிப்புக் கேட்டால் சனிக்கிழமை பேச்சு இதமாகப் போகும் என்கிறார் லுகோண்டே ஐயா. அனுப்ப மாட்டேன். தப்புச் செய்தவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள். பெட்டி பொய் சொல்லாது, விளக்கு பொய் சொல்லாது. தாங்கள் போட்ட சிடியைப் போடவில்லை என்று சாதிப்பவர்களுக்கு நான் எதற்குக் கோழி அனுப்ப வேண்டும்?

ஆகவே மாமா, தாய்மாமன் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு, நீங்கள் கட்டாயம் அடுத்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி வர வேண்டும். வந்து, லுகோண்டே ஐயாவை மாற்றிவிட்டு, உண்மையை உள்ளபடி சொல்லக்கூடிய வேறு ஆளைத் தூதராக வைக்க வேண்டும். மின்சாரம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மாமியாருக்கும் 'கூடாது' சொல்லலாம் என்று பெரியவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். யுனிஸை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. நியாயத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது.

அத்தைக்கு ஒரு பை கப்பெண்டா மீன் இந்தக் கடிதம் வரும் பஸ்ஸிலேயே அனுப்புகிறேன், நடத்துனரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்டவர் உங்கள் மரவள்ளித் தோட்டத்துக்கு எங்களுக்கு முன்பே மழை தரட்டும். பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நியாயம் தன் பக்கம் உள்ள உங்கள் மருமகன்,
கலுபா.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியவற்றில் நலம் விசாரித்ததையும் கப்பெண்டாவையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடுங்கள்.

மத்தியானம் லுகோண்டே ஐயா காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பெட்டியைக் கழற்றிப் பிரித்தேன். கேசட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. சிடி இரண்டு இருந்தன. மேலே இருந்தது பூப்போட்ட தாள் ஒட்டியது. கீழே இருந்ததில் தாள் இல்லை. மார்க்கரில் 'சோதனை' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. ஆகஸ்டில் கார் பட்டறைக்கு வந்த அன்று, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, ஒலிபெருக்கிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க நான்தான் போட்டேன். எடுக்க மறந்து காரை அனுப்பிவிட்டேன். அவர்கள் இத்தனை நாளும் கேசட்டோடு போராடிக்கொண்டிருந்ததால் சிடி வாய்ப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டதுதான் அவர்களுடைய முதல் சிடி.

லுகோண்டே ஐயா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இது யார் எழுத்து, தம்பி?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் என் சிடியை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார்.

"அவங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க, ஐயா?"

"உங்க பிள்ளை பெட்டியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலைன்னு சொல்லுவேன். இதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்லை, ஐயா."

ஆகவே அவரை மாற்ற வேண்டாம். கோழியைக் கசாமாவிலிருந்தே கொண்டுவாருங்கள், அங்கேதான் பெரிதாகக் கிடைக்கும். இரண்டாக இருந்தால் நல்லது. யுனிஸிடம் மட்டும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப இதை அம்மாகிட்ட நீயே நேர்ல போய்ச் சொல்லு" என்றாள். அது எப்படி முடியும், நான்தான் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாதே, பேசக் கூடாதே, வழக்கம் வழக்கம்தானே என்று சொல்லிவிட்டு வேகமாக வந்துவிட்டேன். நீங்கள் சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுங்கள், மாமா.