மூணுதடவையார் லீவில் போகிறார்

'என்கிட்ட ஓடுதே' என்று ஒரு மனித இனம் இருக்கிறது. கொம்போ வாலோ கிடையாது. அதனால் தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். பக்கத்தில் போய், "சார், நீங்க கொடுத்தது எங்ககிட்ட வேலை செய்யலையே" என்று சொல்லிப் பாருங்கள். கோபப்பட மாட்டார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, தலையைச் சாய்த்து, உங்கள் அறியாமையை முன்கூட்டியே மன்னித்துவிட்ட முகத்தோடு, "என்கிட்ட ஓடுதே?" என்பார். அவ்வளவுதான். விசாரணை முடிந்தது. குற்றவாளி நீங்கள்.

எல்லாத் தொழிலிலும் இவர்கள் உண்டு. நாம் பார்க்கப்போவது, லிஃப்டுகளுக்கு மூளை செய்து விற்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கும், கலப்படமில்லாத ஒரு சாம்பிள். ஆபீஸில் அவருக்கு 'மூணுதடவையார்' என்று பெயர். அவர் இல்லாதபோது மட்டும்.

பெயர்க்காரணம் சொல்கிறேன். ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் உள்ளங்கை அளவில் ஒரு போர்டு இருக்கிறது. எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவை மூடுவது என்பதெல்லாம் அதன் இஷ்டம். அதற்கு வேண்டிய புரோகிராமை அதிலேயே தயாரிக்க முடியாது; அத்தனை இடமோ பலமோ அதற்குக் கிடையாது. மேஜைமேல் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் தயாரித்துத்தான் அனுப்ப வேண்டும். சிக்கல் என்னவென்றால், கம்ப்யூட்டரின் சிப்புக்கு ஒரு பாஷை, போர்டின் சிப்புக்கு வேறு பாஷை. ஆகவே கம்ப்யூட்டர் தன் பாஷையை ஓரமாக வைத்துவிட்டு, தனக்கே புரியாத பாஷையில் நானூறு துண்டுகளைத் தயாரித்து ஒன்றாகக் கோக்க வேண்டும். இதற்குப் பெயர் பில்டு. நானூறில் ஒவ்வொன்றும் வேறு யாரையாவது நம்பிப் பிழைப்பு நடத்தும். யாருக்கு யார் முன்னால் வரவேண்டும் என்று ஒரு இடத்தில் எழுதி வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் வரிசை தவறாமல் செய்யும். எழுதி வைத்துவிட்டால்.

மூணுதடவையார் எழுதி வைக்கவில்லை. எதற்கு எழுத வேண்டும்? அவர்தான் இருக்கிறாரே! பட்டனைத் தட்டுவார். முக்கால் மணி நேரம் உருண்டு புரண்டு, ஸ்க்ரீன் சிவப்பாகி நின்றுவிடும். பதற மாட்டார். மறுபடி தட்டுவார். இந்தத் தடவை இன்னும் கொஞ்ச தூரம் போய், மறுபடி சிவப்பு. பக்கத்தில் நிற்பவர்களை, "கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா" என்று விலக்கிவிட்டு, முதுகால் ஸ்க்ரீனை மறைத்துக்கொண்டு என்னவோ செய்வார். மூன்றாவது தடவை பச்சை! "மூணு தடவை ஓட்டணும். மொதல்ல அதுக்குச் சூடு ஏறணும்ல?" என்று விளக்கமும் தருவார். படித்துப் பட்டம் வாங்கிய இருபத்தாறு பேர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். கம்ப்யூட்டருக்கு எதற்குச் சூடு ஏற வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த மகிமையில் அடிபட்டது அவர் மனைவிதான். ஏழு வருஷமாக இருவரும் சேர்ந்து எங்கும் போகவில்லை. வருஷாவருஷம் அவர் லீவு கேட்பார், மேனேஜர், "நீங்க போயிட்டா பில்டு?" என்பார், இவர் வீட்டுக்கு வந்து, "விட மாட்டேங்கிறாங்கம்மா" என்பார். குரலில் வருத்தம் இருக்கும். வருத்தத்துக்கு அடியில் ஒரு சொட்டு ஆனந்தமும் இருக்கும். மனைவிக்குக் காது நல்ல கூர்மை. இந்த வருஷம் அந்தம்மாள் யாரையும் கேட்காமல் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி. நான் ஏறிடுவேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம். எங்க அம்மா மேல ஆணையா, இந்தத் தடவை இறங்கி வந்து சமாதானம் பேச மாட்டேன்."

மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். வேறு ஒருவர், வேறு கம்ப்யூட்டரில், பில்டு செய்து காட்ட வேண்டும்; காட்டினால் லீவு. அந்த வேறு ஒருவர், போன மாதம் சேர்ந்த ஒரு பெண் இன்ஜினியர். பத்து வருஷம் கப்பல் கருவிகளுக்குப் புரோகிராம் தயாரித்தவர். எதையும் சத்தம் போட்டுச் சொல்லாதவர். கையில் எப்போதும் ஒரு நோட்டு. புதுக் கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, புதன்கிழமை காலை பட்டனைத் தட்டினார். முதல் நிமிஷமே சிவப்பு.

"சார், ஒரு ஃபைல் இல்லைங்குது."

"இருக்குமே."

"இல்ல சார்."

"எல்லார்கிட்டயும் இருக்குமே அது!"

"பொட்டியே இப்பதான் சார் பிரிச்சேன்."

அவர் தன்னிடமிருந்து ஃபைலைக் கொடுத்தார். இன்ஜினியர் அம்மாள் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த சிவப்பு. அடுத்த "இருக்குமே". வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள், 'எல்லார்கிட்டயும் இருக்கும்' என்று அவர் சொன்ன, ஆனால் அவரிடம் மட்டுமே இருந்த சமாச்சாரங்கள் இருபத்து மூன்று சேர்ந்துவிட்டன. மூன்று தடவையின் ரகசியமும் வெளியே வந்தது. கதவைக் கவனிக்கும் துண்டு, மாடியை எண்ணும் துண்டுக்காகக் காத்திருக்க வேண்டும்; பிரேக் துண்டு கதவுக்காகக் காத்திருக்க வேண்டும். யாரும் சொல்லாததால் மூன்றும் ஒரே நேரத்தில் முண்டியடித்தன. முதல் தடவை தோற்றாலும் மாடி தயாராகிவிடும். இரண்டாம் தடவை கதவு. மூன்றாம் தடவை பிரேக்.

"ரெண்டு வரி சேர்த்திருக்கேன் சார். இனிமே ஒரே தடவைல போயிடும்."

பதினோரு வருஷத்துச் சூடு இரண்டே வரியில் ஆறிப்போனது. அவர் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. பில்டு பச்சையாக முடிந்தது. போர்டில் ஏற்றினார்கள். போர்டு அசையவில்லை, ஒரு விளக்குகூட எரியவில்லை.

"மோட்டார் துண்டு மட்டும் நம்ம கம்ப்யூட்டர் பாஷையிலயே உள்ள போயிருக்கு சார்" என்றார் இன்ஜினியர் அம்மாள். "போர்டு பாஷைல உள்ளது எங்க இருக்கு?"

அவர் முதுகால் மறைத்துக்கொண்டு எடுத்து வைப்பாரே, அதுதான் இது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்: பில்டு தோற்கும், ராஜ்ஜியம் பிழைக்கும், மேனேஜர் பழையபடி "நீங்க போயிட்டா?" என்பார். "என்கிட்ட ஓடுதே" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. கட்டி முடித்த இரண்டு பெட்டிகள். கீழே ஒரு எழுத்துகூட இல்லை. ஏழு வருஷமாகத் திட்டி அனுப்பியவர், இன்று திட்டவில்லை. மூணுதடவையாருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"அது..." என்றார். "என் கல்யாண போட்டோ ஃபோல்டர்ல இருக்கு."

"லிஃப்டுக்கும் உங்க கல்யாணத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார் மேனேஜர்.

"அன்னிக்கு அங்கதான் சார் இடம் இருந்துச்சு."

போட்டோக்களைக் கேட்டு மனைவி கெஞ்சிய வருஷங்களில், "அந்த ஃபோல்டரைத் தொட்டா லிஃப்டு நின்னுடும்" என்று அவர் சொன்னதெல்லாம் சாக்குப்போக்கு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சத்தியமான உண்மை. நகரத்தில் பாதி ஜனங்கள், அவர் மாலையும் கழுத்துமாக நின்ற கோலத்தின் வழியாகத்தான் மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள். துண்டு தன் சொந்த இடத்துக்குப் போனது. நோட்டில் இருபத்து நான்காவது வரி. ஒரே தடவை, முக்கால் மணி நேரம், பச்சை. போர்டில் விளக்கு எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார், யாருக்கு என்று தெரியாமல்.

ஆறு மணி வண்டியில் மனைவி, கடைசியில் தன் போனுக்கு வந்து சேர்ந்த அந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தார். இவர் தன் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார். மணி அடிக்கவில்லை. சிக்னல் இருக்கிறதா? இருந்தது, முழுசாக. பொறுக்க முடியாமல் அவரே இன்ஜினியர் அம்மாளைக் கூப்பிட்டார்.

"ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

"இல்ல சார். இப்பதான் இன்னொண்ணு போட்டோம்."

"ஒரே தடவைலயா?"

"ஒரே தடவைல சார். நிம்மதியா போயிட்டு வாங்க."

இத்தனை கொடூரமான வார்த்தைகளை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. கண்கூடக் கலங்கிவிட்டது. அப்போது மனைவியின் போன் அடித்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த தங்கை, வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"சாவி திரும்பலையா? முழுசா உள்ள விடாதடி, ஒரு நூல் அளவு வெளிய இழு. கதவை லேசாத் தூக்கு. தூக்கிட்டே முட்டியால கீழ ஒண்ணு கொடு. அப்ப இடது பக்கம் திருப்பு... என்னடி இது, எனக்குத் திறக்குதே!"

மூணுதடவையார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "எத்தனை தடவை முயற்சி பண்ணணும்னு சொல்லும்மா" என்றார். மனைவி முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வருஷத்துக்குப் பிறகு ஒரே விஷயத்துக்காக இருவரும் சிரித்தார்கள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போன தடவை வெளியூர் கிளம்பும்போது வீட்டுச் சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டு, "வேற ஒண்ணுமில்ல, குளியலறைக் குழாய் மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தீர்களே, அதை முடிக்க எத்தனை நிமிஷம் ஆயிற்று?