குடும்ப குரூப்பில் போன சைன் கோடு

ஜூஜுவாடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி காலிதுக்கு அக்கா ஷரீஃபுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு உன் மச்சான் அல்லாஹ்வின் கிருபையால் நலம். கல்லாவியில் நீயும் உன் வீட்டாரும், உன்னிடம் கணக்குப் படிக்கும் பாவப்பட்ட பிள்ளைகளும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

கையில் போன் இருக்கும்போது அக்கா ஏன் தபால் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால், "அக்கா, அது ரொம்ப சிம்பிள்" என்று ஆரம்பித்துவிடுவாய். வாட்ஸ்அப்பை நான் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. ஏன் என்று கீழே வருகிறது. குடும்ப குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் உனக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

பதினாறு வருஷமாக ஓசூர் கம்பெனியில் லைனில் நின்றபடி ஷாஃப்ட் தண்டுகளின் அளவு பார்க்கிறவள் நான். குவாலிட்டி செக்ஷனில் ஓர் இடம் காலி, லைன் ஆட்களும் பரீட்சை எழுதலாம் என்று இரண்டு மாதம் முன்பு நோட்டீஸ் போட்டார்கள். அங்கே ஷாஃப்டைச் சுழற்றிப் பார்க்கிற மெஷின் ஒன்று உண்டு, திரையில் அலை அலையாகக் கோடு போடும், அதைப் படிக்கத் தெரியவேண்டும், அதனால் சைன், காஸ், டான் வரையச் சொல்லிக் கேட்பார்கள் என்றார்கள். நான் பத்தாவதோடு நின்றவள், நமக்கு எதற்கு என்று சும்மாதான் இருந்தேன். நீதான், "மூணே மூணு கோடுக்கா, ஒரு வாரத்துல போட்டுடலாம்" என்றாய். அந்த ஒரு வாரம் முடிந்து ஏழு வாரம் ஆகிறது.

முதல் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கேன்டீனில் டிரெய்னிங் கொடுக்கிற தமிழரசன் சார் போர்டில் வட்டம் ஒன்று போட்டு, இதன் ஆரம் ஒன்று என்றார். நான் எழுந்து, "ஒன்னுன்னா என்ன ஒன்னு சார்? மில்லிமீட்டரா, இஞ்சா?" என்று கேட்டேன். "வெறும் ஒன்னுதாங்க மேடம்" என்றார். எங்கள் லைனில் யூனிட் போடாமல் வெறும் நம்பர் எழுதினால் அந்த ட்ரே மொத்தமும் ரிஜெக்ட். பக்கத்தில் இருந்த நாராயணம்மா, லைனில் எனக்கு அடுத்த மேஜைக்காரி, என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "உக்காரு தாயி, அவரு வேலையும் போயிடப்போகுது" என்றாள்.

அப்புறம் நீ வீடியோ காலில் வந்து புள்ளி வை, சேர் என்றாய். வைத்தேன், ஸ்கேல் பிடித்துச் சேர்த்தேன். "என்னக்கா, கூரை ஷீட் மாதிரி இருக்கு? வளைஞ்சு வரணும்" என்றாய். வளைவுக்கு எங்கே போவேன்? கீழ் வீட்டுத் தையல்காரி சென்னம்மாவிடம் ரவிக்கைக்குக் கைக்குழி வெட்டும் வளைவு ஸ்கேலை வாங்கிவந்து போட்டேன். தாளைப் பார்த்த சென்னம்மா, "இது யாரு அளவு? கை ரொம்ப லூசாயிருக்கே" என்றாள்.

இனிதான் பெரிய கூத்து. புள்ளிகளை நானே கணக்குப் போடலாம் என்று போனிலிருக்கும் கால்குலேட்டரைத் திறந்தேன். முப்பது டிகிரிக்கு சைன் போட்டால் மைனஸ். நாற்பத்தைந்துக்கு பிளஸ். அறுபதுக்கு மறுபடி மைனஸ். சந்தேகமாக இருந்தாலும் மெஷின் பொய் சொல்லுமா என்று புள்ளி வைத்துச் சேர்த்தேன். குத்தி ஏறி, குத்தி இறங்கி, ஒரே ரகளை. அதைப் படம் எடுத்து, "இப்படி வந்திருக்கு, எனக்குப் பயமா இருக்கு, உடனே பார்த்துச் சொல்லு" என்று உனக்கு அனுப்பினேன். உனக்கு அனுப்பியதாகத்தான் நினைத்தேன். போனது குடும்ப குரூப்புக்கு.

இரண்டு மணி நேரத்தில் உன் மச்சானின் அக்கா ஃபிர்தௌஸ் குருபரப்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து, ஒரு பை மாதுளம்பழத்தோடு வாசலில் வந்து நின்று அழுகிறார். "எங்க என் தம்பி? எந்த ஆஸ்பத்திரி? இப்படித் துடிக்குதே, ஏன் முன்னாடியே சொல்லல?" அந்தப் படத்தை ஈ.சி.ஜி. என்று நினைத்துவிட்டார். நான் விளக்கம் சொல்வதற்குள், அவருடைய தம்பியே தன் டயர் கடையைச் சாத்திவிட்டு, கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு உள்ளே வருகிறார். அக்கா பாய்ந்துபோய்ப் பொட்டலத்தைப் பிடுங்கினார். "இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு இதையா தின்னுவ? படு!" என்றார்.

"எனக்கு என்னக்கா ஆச்சு?" என்றார் உன் மச்சான்.

"அதை உன்கிட்ட மறைச்சிருக்கா பாரு!"

படுக்கவைத்துவிட்டார். இது என் கணக்கு நோட்டு, இதயம் இல்லை என்று நான் நோட்டைக் காட்டினால், "கணக்கு எங்கயாவது இப்படி இருக்குமா?" என்கிறார். அவர் கேட்டதும் நியாயம்தான். கால்குலேட்டரில் டிகிரி என்று இருக்கவேண்டிய இடத்தில் ரேடியன் என்று இருந்திருக்கிறது, அதை மறுநாள்தான் நீ சொன்னாய். அதற்குள் பதினொரு பேர் வந்து நலம் விசாரித்துவிட்டார்கள். உன் மச்சானோ, விஷயம் புரிந்த பிறகும் எழுந்திருக்காமல், மாதுளம்பழத்தை உரித்துக் கொடுக்கச் சொல்லி இரண்டு நாள் படுத்தே கிடந்தார். எழுந்த பிறகுதான், "பரீட்சை எழுதிக்கோ, ஆனா வாட்ஸ்அப்பைத் தொடாதே" என்றார்.

டான் விஷயத்தை என்ன சொல்ல? தொண்ணூறில் கோடு எங்கே என்று கேட்டேன். "தொண்ணூறுல டான் கிடையாதுங்க, மேல போயிடும்" என்றார் தமிழரசன் சார். "திரும்பி வருமா?" "வரும், ஆனா கீழேயிருந்து வரும்." மேலே போனது கீழேயிருந்து எப்படி வரும் என்று கேட்டதற்கு டீ குடிக்கப் போய்விட்டார். காஸ் என்றால் சைனையே தொண்ணூறு டிகிரி தள்ளிப் போடுவது என்று நீ சொன்னாய். அப்படியானால் அதற்கு எதற்கடா தனியாக ஒரு பெயர்? அடுத்த தெருவுக்குக் குடிபோனால் ஆளின் பெயரை மாற்றுவார்களா?

போன ஞாயிறு பரீட்சை. சைன் கோடு வரையவும் என்று கேள்வி. இத்தனை பாடுபட்ட நான், வாழ்நாளில் வரைந்ததிலேயே அழகான கோட்டை, கை நடுங்காமல், பேனாவில் வரைந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அது காஸ். உச்சியிலிருந்து தொடங்குகிறது. மணி அடிக்க ஐந்து நிமிடம். பேனாக் கோட்டை அழிக்க முடியாது. நிற்கிற அச்சுக்கோடு பென்சிலில்தானே போட்டிருக்கிறோம் என்று அதை அழித்து, தொண்ணூறு டிகிரி இடப்பக்கம் தள்ளிப் போட்டு, எல்லா நம்பரையும் மாற்றி எழுதி, முன்னால் காலியாக இருந்த இடத்துக்கு ஒரு துண்டு வளைவை இழுத்து ஒட்டினேன். வலப்பக்கம் முந்நூற்று அறுபதைத் தாண்டி ஒரு துண்டு மிச்சம் நின்றது. அதன்மேல் "இது வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தமிழரசன் சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது சைனா, காஸா மேடம்?" என்றார். "சைன்தான் சார். கோடு அங்கயேதான் இருக்குது, நான்தான் தள்ளிப் போயிட்டேன்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. நாற்பத்து மூன்று வயதில் இந்த அவமானம் எனக்குத் தேவையா? நாராயணம்மா அந்தச் சிரிப்பை லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். இனி எனக்குக் கணக்கு வேண்டாம். நீ கொடுத்த புத்தகத்தை அடுத்த வாரம் பார்சலில் அனுப்புவேன். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் தலைகாட்டாதே, கண்டால் திட்டிவிடுவேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ என் தம்பி. உனக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளும், கேள்வி கேட்காத மாணவர்களும் தருவானாக.

இப்படிக்கு,
உன்னால் கெட்ட அக்கா,
ஷரீஃபுன்னிசா

பி.கு.: வியாழக்கிழமை எழுதுவது. உறையை ஒட்டுவதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. மேலே எழுதியதில் சலாமைத் தவிர வேறு எதையும் எடுத்துக்கொள்ளாதே. குவாலிட்டி இடம் எனக்குத்தான். "கோட்டை மனப்பாடமா போட்டவங்க நிறையப் பேருங்க. அச்சை நகத்தணும்னு தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்" என்றார் தமிழரசன் சார். காஸைப் போட்டுவிட்டு வேறு வழியில்லாமல் நகர்த்தியதை நான் அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அடுத்த பரீட்சைக்கு லைனிலிருந்து நாராயணம்மாவையும் சேர்த்து ஐந்து பேர் எழுதப்போகிறார்களாம். அவர்களிடம், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, நான் சொல்லித்தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடு. நீ வராவிட்டால் பாடத்தை நானே எடுத்துவிடுவேன், அப்புறம் அந்த ஐந்து பேர் கதி என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள்.