முப்பத்தாறு முறை தீவைச் சுற்றி வந்த படகு

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவிக்கு ஒரே தம்பியாகப் பிறந்து, அந்த ஒரே காரணத்தால் உங்களுக்கு மைத்துனனாக வாய்த்த நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் மனைவி நலம், படகு மட்டும் அவ்வளவு நலமில்லை. அங்கே உங்கள் நலமும், அக்காவின் நலமும், டாக்டர் உங்கள் நெஞ்சுக்குள் புதிதாக வைத்த அந்தச் சின்னக் குழாயின் நலமும் அறிய ஆவல்.

இதற்கு மேல் படிக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். அக்கா பக்கத்தில் இருந்தால் ஏதாவது வேலை சொல்லி உள்ளே அனுப்பிவிடுங்கள். அனுப்பியாயிற்றா? சரி. அத்தான், நீங்கள் கொடுத்த பாய்மரப் படகை நான் இந்த மூன்று வருடத்தில், நேற்று வரை, ஒருமுறைகூடத் தண்ணீரில் இறக்கவில்லை.

மூச்சு சீராக வருகிறதா? மீதியையும் சொல்லிவிடுகிறேன். மாதம் தவறாமல் "இந்த மாதமும் ஏரித் தீவைச் சுற்றி வந்தேன்" என்று எழுதினேனே, அந்த முப்பத்தாறு கடிதங்களும் முழுப் பொய். நீங்கள் ஊர் மாறிப் போகும்போது, "பதினோரு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை தவறாம என்னைச் சுமந்த படகு இது, மாசத்துக்கு ஒரு தடவையாவது தண்ணி காட்டுடா" என்று என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். காட்டத்தான் நினைத்தேன். முதல் மாதம் மழை, இரண்டாவது மாதம் முதுகு வலி, மூன்றாவது மாதத்திலிருந்து உண்மையான காரணம்: பயம். என் நீச்சல் குளியலறை வாளியோடு சரி என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் படகு வைத்திருப்பவன் என்ற பெயர் இருக்கிறதே, அதை விட மனசு வரவில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் "சாருக்குச் சொந்தமா படகு இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து "ம், காத்து மாறுது" என்பேன். ஞாயிறு காலையில் கார் கொட்டகைக்குப் போய், தார்ப்பாயை விலக்கி, படகுக்குள் ஏறி, ஒரு கையில் சுக்கானும் மறு கையில் காப்பியுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் போல ஒரு சுகம் கிடையாது. என் மனைவி மட்டும் துணி காயப்போட வரும்போது, "எந்த ஊர் வந்திருக்கு? எறங்கி வந்து சாப்பிடறீங்களா, இல்ல அங்கயே அனுப்பவா?" என்பாள்.

கடிதங்கள் எப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். எல்லாம் உங்கள் கைங்கரியம்தான். "தீவின் பின்பக்கம் திரும்பியதும் காற்று தோளைத் தட்டுமே, கவனித்தாயா?" என்று நீங்கள் எழுதுவீர்கள். "தட்டியது அத்தான், இடது தோளில்" என்று நான் எழுதுவேன். "அதேதான், இடது தோள்! நீ பிறவிப் படகோட்டி" என்று பதில் வரும். அதைப் படித்து இரண்டு நாள் நானே நம்பிக்கொண்டு திரிவேன்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். இரண்டரை வாரம் முன்பு உங்கள் கடிதம் வந்தது. ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தபோது வீடும் நினைவுக்கு வரவில்லை, வேலையும் வரவில்லை, அந்தப் படகுதான் வந்தது என்றும், டாக்டர் அனுமதித்துவிட்டார், வருகிற மாதம் முதல் சனிக்கிழமை வருகிறேன், நீயும் நானும் தீவை ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவோம் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை மடித்து வைப்பதற்குள் அக்காவின் போன். "டேய், அவரு மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கறதே அந்தப் படகு நெனப்புலதான்டா. சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த மனுஷன் இப்பதான் ரெண்டு வாய் சாப்பிடறாரு. ஏதாவது சொதப்பின, உன்னைத் தம்பின்னு பாக்க மாட்டேன்." எனக்கு அன்றைக்கு இரண்டு வாய்கூட இறங்கவில்லை.

மறுநாளே தார்ப்பாயை முழுதாக உருவினேன். உள்ளே முன்பக்கத்தில் ஒரு பூனை, புதிதாகப் பிறந்த மூன்று குட்டிகளோடு படுத்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் வந்துவிட்டாயே என்பதுபோல என்னைப் பார்த்தது. என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "குட்டி கண்ணு தொறக்கற வரைக்கும் படகு ஒரு அங்குலம் நகரக் கூடாது" என்றாள். "அத்தான் வர்றாருடி, இருபத்திரண்டு நாள்தான் இருக்கு" என்றேன். "அத்தானுக்குக் கண்ணு தொறந்துதானே இருக்கு, காத்திருப்பாரு" என்றாள். ஒன்பது நாள் போயிற்று அத்தான். தினமும் காலையில் நான் குட்டிகளின் முகத்தைப் பார்த்த மாதிரி பரீட்சை முடிவைக்கூடப் பார்த்ததில்லை. மூன்றாவது குட்டி என்னைப் பழிவாங்குவதற்கென்றே இரண்டு நாள் அதிகம் எடுத்துக்கொண்டது.

பத்தாம் நாள் பூனைக் குடும்பம் துணிக்கூடைக்குக் குடிபெயர்ந்ததும், படகைக் கவிழ்த்துப் போட எதிர்வீட்டுப் பல் டாக்டரைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவர் பாதி கவிழ்த்ததுமே அடிப்பலகையைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கொக்கியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பையில் வைத்திருக்கிறார் மனிதர். அங்கங்கே தட்டினார், குத்தினார், உதட்டைப் பிதுக்கினார். "மேலோட்டமா இருக்கும்னு நெனச்சேன் சார். வேர் வரைக்கும் போயிருக்கு. எடுத்துடறதுதான் நல்லது" என்றார். வலி எனக்குத்தான் வந்தது. நீங்கள் இடது தோளில் காற்று வாங்கிய படகு, ஒழுகும் கொட்டகைக் கூரையிலும் என் தார்ப்பாயிலும் இருந்த ஓட்டை வழியாக மூன்று மழைக்காலத்தைக் குடித்து, ஊறி, உளுத்துப் போயிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்து காப்பி குடித்தவன் நான்.

படகு செய்கிறவர் யாரும் பக்கத்தில் இல்லை. எங்கள் வீட்டு அலமாரி செய்த தச்சரைத்தான் கூட்டிவந்தேன். அவர் படகை மூன்று முறை வலம் வந்து, ரசமட்டத்தை எடுத்து அதன் முதுகில் வைத்தார். குமிழி ஒரு மூலைக்கு ஓடியது. வேறு இடத்தில் வைத்தார், இன்னொரு மூலைக்கு ஓடியது. "யாரு சார் செஞ்சது இதை? ஒரு எடம்கூட நேரா இல்ல. நம்ம பேரு கெட்டுப் போயிடும். நேராக்கிடலாமா?" என்றார். படகு வளைந்துதான் இருக்க வேண்டும் என்று அவரை நம்பவைக்க ஒரு முழு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகும் அவர் அரைமனதாகத்தான் உளியைத் தொட்டார். ஆனால் கெட்டிக்காரர் அத்தான், உளுத்த இரண்டு பலகையையும் கழற்றிவிட்டு, எங்கள் பழைய அலமாரியின் கதவுப் பலகையை இழைத்து, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, ஊசி நுழையாமல் பொருத்தினார். பொருத்திவிட்டு, பழக்க தோஷத்தில், "கைப்பிடி எந்தப் பக்கம் வைக்கட்டும் சார்?" என்றார்.

சந்துபொந்துகளை அடைப்பதைப் பல் டாக்டர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். முகமூடி மாட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, மாலை மாலை வந்து, படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கரண்டிபோன்ற ஏதோ சின்னக் கருவியால் பட்டி வைத்தார். "கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான், ஆயிடுச்சு" என்று படகுக்கு ஆறுதல் சொன்னார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணும் படக் கூடாது" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் மிஞ்சியது. படகின் பின்பக்கம், அடியை ஒட்டி, கட்டைவிரல் பருமனில் ஒரு ஓட்டை. எலி இவ்வளவு வட்டமாகக் கடிக்காது என்றேன். தச்சர் விரலை விட்டுப் பார்த்து, "இது மிஷின்ல போட்ட ஓட்டை சார். வேணும்னே வெச்சிருக்காங்க. குளியலறைல தண்ணி போக வெக்கிறது இல்லையா, அது மாதிரி. உள்ள தண்ணி சேந்தா வெளிய போயிடும்" என்றார். டாக்டரும் கொக்கியால் சுற்றிப் பார்த்து, இது சொத்தை இல்லை, பிறவியிலேயே உள்ளது என்று சான்று கொடுத்தார். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று மூவரும் வியந்தோம். அதில் படிந்திருந்த மண்ணையெல்லாம் நான் என் கையால் சுத்தமாகத் துடைத்து வழி ஏற்படுத்திக் கொடுத்தேன்.

நேற்று ஞாயிறு காலை, வெள்ளோட்டம். சின்ன லாரியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனோம். பாய் வேண்டாம், முதலில் மிதக்கிறதா பார்ப்போம் என்று இரண்டு துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். நான் ஏறினேன். "தனியா விட மாட்டேன், போனா ரெண்டு பேரும் போவோம்" என்று என் மனைவியும் ஏறினாள். டாக்டரும் தச்சரும் தள்ளிவிட்டார்கள். மிதந்தது அத்தான்! நான்கு துடுப்பு போட்டிருப்பேன், கணுக்காலில் சில்லென்றது. பின்பக்க ஓட்டையில் தண்ணீர் குழாய் திறந்த மாதிரி கொப்பளித்துக்கொண்டு உள்ளே வருகிறது. "பயப்படாத, அது உள்ள இருக்கற தண்ணி வெளிய போகறதுக்கான ஓட்டை" என்று விளக்கினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது உங்களுக்குத் தெரியுது. ஏரிக்குத் தெரியுமா?"

நான் கரையைப் பார்த்து "திரும்பிடலாம்" என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. செருப்பைக் கழற்றினாள், பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள், வலது குதிகாலை அந்த ஓட்டையில் அழுத்தி வைத்தாள். தண்ணீர் நின்றது. கையிலிருந்த டப்பாவால் உள்ளே வந்ததை இறைத்துக் கொட்டினாள். "ம், போங்க" என்றாள். "எங்க?" என்றேன். "மூணு வருஷமா மாசாமாசம் போறீங்களே, அங்கதான்."

தீவு வரை போகவில்லை. பாதி தூரம் போனோம். இருபது நிமிடம் இருக்கும். கரைச் சத்தம் மெல்லக் குறைந்து, துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது. கொட்டகையில் உட்கார்ந்தபோது படகு என்பது ஒரு பெரிய நாற்காலி. தண்ணீரில் அது மூச்சுவிடுகிறது அத்தான், நாம் சாய்ந்தால் அதுவும் சாய்கிறது. மூன்று வருடமாக அதைத் தொட்டி என்றே கூப்பிட்டுவந்தவள், முகத்தில் வெயில் பட்டுக்கொண்டிருக்க, "கொஞ்ச நேரம் துடுப்பு போடாம இருங்களேன்" என்றாள். இருந்தேன். உங்கள் மேல் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, என் மேல் வெட்கமாகவும் இருந்தது. பதினோரு வருடம் ஞாயிறு தோறும் இதை அனுபவித்த மனிதரிடம் போய் இடது தோள் என்று அளந்தேனே!

அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லத் துணிவில்லை. தச்சர் அந்த ஓட்டைக்கு மரத்தில் ஒரு தக்கை கடைந்து, துணி சுற்றி இறுக்கிவிட்டார், சொட்டு கசியவில்லை. ஆனாலும் சனிக்கிழமை தானும் வருவதாக என் மனைவி சொல்கிறாள். "தக்கையை எல்லாம் நம்ப முடியாது, என் குதிகால் அனுபவப்பட்டது" என்கிறாள். எனக்குத் துடுப்பு மட்டும்தான் தெரியும். பாயை எப்படி ஏற்றுவது, எந்தக் கயிற்றை இழுப்பது, திரும்பும்போது எங்கே குனிவது, ஒரு எழவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். நீங்கள் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் செய்கிறேன். திட்டுவதானால் தீவின் பின்பக்கம் போனபிறகு திட்டுங்கள், அங்கே அக்காவுக்குக் கேட்காது.

மாத்திரைகளை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு, மாடிப்படி ஏறாமல், உடம்பைப் பார்த்துக்கொண்டு பத்திரமாக வந்து சேருங்கள். அக்காவுக்கு என் அன்பும் என் மனைவியின் அன்பும். உங்களிடம் மன்னிப்பும், சனிக்கிழமை நல்ல காற்றும் வேண்டும்,

பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மைத்துனன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், சனிக்கிழமைக்குத் தயாராக இருக்கட்டும் என்று பாய்ப் பையைப் பரணிலிருந்து இறக்கினேன். படகோடு வாங்கிய ஒரே பாய் அதுதான் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று வருடமாக நான் அதைத் தொட்டதில்லை என்று இனித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பையின் வாயில் கடைக்காரர்கள் சிவப்பாக ஒரு முத்திரைக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். "முத்திரை கிழிந்தால் திரும்பப் பெற மாட்டோம்" என்று அச்சடித்து, கீழே பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியும் போட்டிருக்கிறது. முத்திரை கிழியவில்லை.