பூனை நக்கிய எஞ்சின் எண்ணெய்

எங்கள் காரில் எண்ணெய் ஒழுகுவது நிற்காவிட்டால் எனக்கு வேலை கிடையாது. விஷயம் அவ்வளவுதான்.

எஸ்பிஎம் பரீட்சை முடிந்தது. மேலே படிக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் என்னை எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். எங்கள் ஊர் மெர்லிமாவிலிருந்து அந்த ஷிப்டுக்கு பஸ் இல்லை. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, அப்பாவிடம் கார் இருக்கிறது. வீட்டில் அதைக் காடி என்போம். அந்தக் கார் என்னைவிட மூத்தது. நிறுத்திய இடத்திலெல்லாம் கறுப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்பும்.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்," என்றார் அம்மா. "அப்பவும் ஒழுகினா பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டுருவேன். எஞ்சின் ஜாம் ஆகி நடுரோட்டுல நம்ம பொண்ணு புனிதா நிக்கணுமா?"

அப்பா தேர்தலில் நிற்பவர் மாதிரி எழுந்தார். "என் காடி. என் பொறுப்பு. ஒர்க்‌ஷாப் ஃபோர்மென் கையே படக்கூடாது. நானே கண்டுபிடிச்சு நானே அடைக்கிறேன்."

"அடைங்க. சனிக்கிழமை நியாலாஸ்ல அண்ணன் வீட்டுக்குப் போறோம். அதுக்குள்ள அடைங்க."

அப்பாவின் முகம் இறங்கியது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அம்மாவின் அண்ணன் தனபாலன் மாமா. அவர் வீட்டில் தங்கினால் விடியுமுன் எழுப்பிவிடுவார். செம்பனைத் தோட்டத்தைச் சுற்றி நடக்க வைப்பார். திரும்பி வந்ததும் பாகற்காய்ச் சாறு. அது இறங்குவதற்குள் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பார். அளவைத் தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார்.

அப்பா காருக்கு அடியில் படுத்தார். எண்ணெய் சொட்டுகிற இடத்தில் ஏதோ பசையை அப்பினார். எழுந்தபோது தலையை இடித்துக்கொண்டார். கீழே ஓர் அட்டையை விரித்து வைத்தார். மறுநாள் அட்டையில் கறுப்புச் சொட்டு.

எனக்குப் பொறுமை கிடையாது. போனில் தேடினேன். எண்ணெய் மேலே எங்கோ கசியுமாம், வழிந்து வந்து கீழே எங்கோ சொட்டுமாம். சொட்டுகிற இடத்தில் பசை அப்பி என்ன பிரயோஜனம்? எஞ்சினைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிட்டேன். மேலிருந்து கீழ்வரை முகப் பவுடரைத் தூவினேன்.

"என்னம்மா, எஞ்சினைப் பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்றார் அப்பா.

"ஸ்டார்ட் பண்ணுங்கப்பா."

கொஞ்ச நேரத்தில் பவுடரில் ஓர் ஈரக்கோடு இறங்கியது. எஞ்சினின் மேல்மூடி விளிம்பிலிருந்து. மூடியைக் கழற்றினால் உள்ளே இருந்த ரப்பர் கேஸ்கெட் அப்பளம் மாதிரி நொறுங்கியது. புதிது வாங்கி வந்தேன். விளிம்பைத் துடைத்து, அதை உட்காரவைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கினேன். மறுபடியும் கழுவல், பவுடர், ஸ்டார்ட். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அட்டையில் சொட்டு. சொட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். குட்டை.

"பார்த்தியா," என்றார் அப்பா. "இத வச்சுக்கிட்டு நியாலாஸ் போறது ரிஸ்க்லா."

போனட்டைத் திறந்தேன். பவுடர் கலையவே இல்லை. "எஞ்சின்ல ஈரமே இல்லையேப்பா. அதோட இது கறுப்பா இல்ல, பழுப்பா இருக்கு."

"நீ கழுவினேல்ல, அதான் வெளுத்திருச்சு."

அடுத்த நாளும் அதேதான். தொழிற்சாலைக்கு என்ன சொல்வது? வரமுடியாது என்றால் என் இடத்தை அன்றைக்கே வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்து வெளியே போனேன். காருக்கு அடியில் பக்கத்து வீட்டுப் பூனை. அட்டையை நக்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடி, ரசித்து நக்கியது. எஞ்சின் எண்ணெயை எந்தப் பூனை நக்கும்? குனிந்து மோந்து பார்த்தேன். பொரித்த மீன் வாசனை.

நிமிர்ந்தால் காருக்குப் பின்னால் அப்பா. கையில் அடுப்படி எண்ணெய் டின்.

"ப்பா."

"மெதுவாப் பேசு."

"இது அம்மா மீன் பொரிச்ச எண்ணெய்."

"கொஞ்சம்தான் எடுத்தேன்."

"அம்மா காடியை வித்துருவாங்க. என் வேலை போயிரும்ப்பா."

"உங்கம்மா சும்மா மிரட்டுறா. திங்கட்கிழமை தானா நின்னுடும் பாரு. சனி ஞாயிறு மட்டும் ஒழுகட்டும். போன தடவை என் சர்க்கரையைத் தபால்காரர்கிட்டயே சொல்லிட்டாரு உங்க மாமா."

"வேணாம்னு மாமாகிட்ட நேராச் சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்லுவியா?"

நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பொய்யும் வராது. நேரே அடுப்படிக்குப் போனேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கரண்டியை நீட்டினார்.

"சொல்லாதே. இந்த வாரம் நான் மீனே பொரிக்கல. பழைய எண்ணெய் டின் மட்டும் குறையுது. எனக்குத் தெரியாதா?"

"அப்ப காடியை விக்க மாட்டீங்களே?"

"ஒழுகாத காடியை யாரு விப்பா? பேசாம உட்காரு."

அப்பா வந்தார். சாவு வீட்டுக்குப் போய்வந்த முகம். "இன்னைக்கும் ஒழுகியிருக்கு விஜயா. நாளைக்குப் போக முடியாது. உங்க அண்ணன்கிட்ட சொல்லிரு."

"அப்பவே சொல்லிட்டேங்க. ரொம்ப வருத்தப்பட்டாரு."

அப்பா சந்தோஷமாக இன்னொரு தோசை கேட்டார்.

"அதனால அவரே வர்றாரு," என்றார் அம்மா, தோசையைத் திருப்பிப் போட்டபடி. "ஸ்பானர் பெட்டியோட. ஊசி மெஷினையும் எடுத்துட்டு வர்றாராம்."

"எத்தனை நாளைக்கு?" என்றார் அப்பா.

"ஒழுகல் நிக்கிற வரைக்கும்."

அப்பா தோசையை அப்படியே விட்டு வெளியே ஓடினார். போன வேகத்தில் திரும்பினார். பூனை மிச்சம் வைக்காமல் நக்கிய அட்டையை உயர்த்திக் காட்டினார்.

"நின்னுடுச்சு விஜயா. இப்பதான் பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல. அவரை வர வேணாம்னு சொல்லு."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"சத்தியமா. நியாலாஸ் என்ன, ஈப்போ வரைக்கும் போகலாம்."

"நல்லதாப் போச்சு." அம்மா கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "அண்ணன் எதுக்கு பஸ்ல அலையணும்? திங்கட்கிழமையிலிருந்து இவதானே ஓட்டப்போறா, இன்னைக்கே ஓட்டட்டும். நீங்களும் கூடப் போய்க் கூட்டிட்டு வாங்க. வரும்போது நீங்க பின்னால உட்காருங்க. முன் சீட்டு அண்ணனுக்கு."