தேனீயின் சிக்கனம் பற்றி நான் பேசியது

ஒரு விஷயம் அறவே தெரியாதவன் வாயைத் திறக்க மாட்டான். முழுக்கத் தெரிந்தவனும் திறக்க மாட்டான். நடுவில் நிற்பவனைத்தான் மேடையில் ஏற்றுவார்கள். 1930களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த நடு ஆள் நான். மிஷன் பள்ளி வாத்தியார், கல்யாணமாகாதவன், ஒரே ஒரு தேனீப் பெட்டிக்குச் சொந்தக்காரன் (வெளியில் சொல்லிக்கொண்டது 'தேனீப் பண்ணை').

அந்த ஐப்பசியில் எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகையில் தேனீயின் சிக்கனம் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க, ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் மகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அம்மா கிளம்பும்போதே தடுத்தாள். "ஏலே, ஒரு வாரமா மழை. பூச்சி வெளியவே போகல. அந்தப் பொட்டிய ஏன் தூக்குத?"

"உனக்கு சயின்ஸ் தெரியாதும்மா."

மேடையில் வெளுத்து வாங்கினேன். மழைக்காலத்தில் பூ கிடைக்காது என்று தேனீ முன்கூட்டியே தேனை நிரப்பி, மெழுகால் மூடி வைக்கும். இருப்பைப் பார்த்துப் பார்த்துத் தின்னும். வேலை செய்யாத ஆண் தேனீக்களை வெளியே தள்ளிவிடும் (அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்). "மனிதா, இதனிடம் பாடம் படி!" என்று முழங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு தேனடைச் சட்டத்தைத் தூக்கிக் காட்டினேன்.

காலி. அடுத்ததும் காலி.

வியாபாரி கேட்டார்: "தேன் எங்க தம்பி?"

"உங்க வீட்டுல இருக்கு."

உண்மைதான். அவரை மயக்கப் புரட்டாசியில் ஒரு ஜாடித் தேன் அனுப்பியிருந்தேன். பெட்டியில் சொட்டு விடாமல் வழித்த தேன். பூச்சிகள் மறுபடி நிரப்பிக்கொள்ளும் என்பது என் சயின்ஸ். மழைத்தண்ணீரை வைத்தா நிரப்பும்?

பக்கத்திலேயே அண்டா நிறையக் கருப்பட்டிப் பாயசம். பட்டினி கிடந்த கூட்டம் மொத்தமாக அதன்மேல் இறங்கியது. "ஏலே, பாயசத்த மூடு!" என்று வியாபாரி கத்தி முடிப்பதற்குள் அவர் மூக்கில் ஒன்று கொட்டிவிட்டது. சபை மொத்தமும் வாசலில் முட்டிக்கொண்டது. அவர் மகள் மட்டும் முகத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பெட்டியில் ஒரு தேனீகூட இல்லை. செண்பகத்தோப்புப் பக்கம் போயிருக்கும். இந்த எசமானுக்குக் காடு மேல்.

"இருக்கதெல்லாம் வாரிக் குடுக்கவனுக்கா பொண்ணு?" என்று வீங்கிய மூக்கோடு வியாபாரி கேட்டாராம். "சாமான் அறைச் சாவி என்கிட்ட இருந்தாப் போதும்ப்பா" என்றாளாம் அவள். தையில் கல்யாணம் நடந்தது. சாவி இன்றுவரை அவளிடம்தான்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது அறிவுரை சொல்லத் தொண்டையைச் செருமினால், சமையலறையிலிருந்து குரல் வரும்: "பாயசத்த மூடு!"

செருமுவது பெரும்பாலும் நான்தான்.