நீலப் புள்ளி வைத்த குழாய்

தெருவில் துப்பினால் அபராதம். அதே தெருவின் மாடியறை ஒன்றில் துப்புவதற்கு வரிசை! விடியும் முன்பே வந்து டோக்கன் வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்கள் பக்தகோடிகள்.

மேலே வீற்றிருந்தவர் செந்நீர் ஐயா. சிவப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை நீட்டுவார். துப்ப வேண்டும். வெதுவெதுப்பான அலமாரியில் ஒரு நாள் இருந்தும் சிவப்பு மாறாவிட்டால் சுத்தம். மஞ்சளானால் தோஷம். பரிகாரம் முடித்துவிட்டு வந்து துப்பியவர்களுக்குச் சிவப்பு அசையவே அசையாது. முதல்முறை துப்பிய யாருக்கும் மஞ்சள் தப்பியதே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற ஆள் அந்த வரிசையில் ஏன் நிற்கப்போகிறார்?

ஓர் அம்மா நின்றார். மருமகள் வந்த மூன்று மாதத்தில் குளியலறைக் குழாய் வெடித்தது, மகனின் பதவி உயர்வு தள்ளிப்போனது, அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் விடை மருமகள் என்று வந்தது. அவளைத் துப்ப வைத்தார்கள். மஞ்சள்! அவளுடைய வளையல் ஐயாவிடம் இருக்க வேண்டும், அவள் ஒரு வருஷம் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அம்மாவின் மகள் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் பெட்டி தயாராக இருந்தது. அண்ணியின் கண்கள் வீங்கியிருந்தன.

"நீ என்னண்ணா சொல்றே?"

"ஒரு வருஷம்தானே... அம்மாவே சொல்றாங்க" என்றான் அண்ணன், செல்போனைப் பார்த்தபடி.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கல்லூரி ஆய்வகத்தில் கிருமிகளுக்குச் சமைத்துப்போடுகிறவள். சாட்சியாக மேஜைமேல் வைத்திருந்த மஞ்சள் குழாயை எடுத்துப் பார்த்தாள். மூடியில் ஒரு நீலப் புள்ளி. அவளுடைய ஆய்வகத்தில் கிருமிகளுக்குத் தீனியாக எந்தக் குழாயில் எந்தச் சர்க்கரை என்று தெரிய மூடியில் புள்ளி வைப்பார்கள். நீலம் என்றால் ராஃபினோஸ், செடிகளிலிருந்து எடுக்கிற ஒரு சர்க்கரை.

மறுநாள் அம்மாவையும் அண்ணியையும் அழைத்துக்கொண்டு மாடியேறினாள். ஐயாவின் தாடிக்குள் ஒரு பழைய முகம் தெரிந்தது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்து, சொல்லாமல் வேலையை விட்டு நின்றுபோனவர்! தொழில் மாறியும் புள்ளி வைக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. அவருக்குப் பின்னால் குழாய்கள் அடுக்கிய இரண்டு தட்டுகள். முதல்முறை வந்தவர்களுக்கு நீலப் புள்ளி. பரிகாரம் முடித்தவர்களுக்குப் புள்ளியே இல்லை.

"நாங்களும் துப்பறோம் ஐயா. குழாயை நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லி, அவர் யோசிப்பதற்குள் அம்மாவிடம் நீலப் புள்ளியையும் அண்ணியிடம் புள்ளியில்லாததையும் கொடுத்தாள். தன் குழாய் சிவப்பாகவே இருக்கும் என்ற தைரியத்தில் அம்மா தாராளமாகத் துப்பினார்.

"ஐயாவும் துப்பினா, சுத்தம்னா எப்படி இருக்கும்னு ஜனங்க பார்ப்பாங்க" என்றாள் மகள். நீட்டியது நீலப் புள்ளி.

ஐயாவின் கை புள்ளியில்லாத தட்டுப் பக்கம் போயிற்று.

அம்மா கள்ளமில்லாமல் கேட்டார்: "உங்களுக்கு எந்தக் குழாயா இருந்தா என்ன ஐயா?"

வரிசை முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. வேறு வழியில்லாமல் ஐயா துப்பினார். மூன்று குழாய்களையும் மகள் வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் ஹீட்டர் மேல் வைத்த குழாய்களைக் காலையில் அம்மாதான் முதலில் பார்த்தார். அண்ணியுடையது சிவப்பு. ஐயாவுடையது மஞ்சள். தன்னுடையது பளிச்சென்று மஞ்சள்.

"எனக்கா தோஷம்?"

"உனக்கு எச்சில் இருக்கும்மா, அவ்வளவுதான். எல்லார் வாயிலயும் கிருமி இருக்கு. அது அந்தச் சர்க்கரையைத் தின்னா தண்ணி புளிக்கும், மஞ்சளாகும். அண்ணி நேத்து துப்பின குழாய்ல சர்க்கரையே கிடையாது."

அம்மா கூடத்துக்குப் போய் மருமகளின் பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினார். மருமகள் தடுத்தும் கேட்கவில்லை. "என்னை மன்னிச்சுடும்மா" என்றார்.

பிறகு முழங்கால் வலியையும் மறந்து, மூன்று குழாய்களோடும் ஐயாவின் மாடிப்படி ஏறி, மஞ்சளான அவர் குழாயை எல்லோருக்கும் காட்டினார். மகளும் மருமகளும் பின்னாலேயே போனார்கள்.

"உங்க வீட்டு தோஷம் எனக்குத் தொத்திக்கிச்சு" என்றார் ஐயா.

"அப்ப அந்த வீட்டு மருமகளுக்கு ஏன் தொத்தலை?" என்றாள் மகள். புள்ளியின் கதையைக் கூட்டத்துக்குச் சொன்னாள். இரண்டு தட்டுகளையும் ஜனங்களே எடுத்துப் பார்த்தார்கள். ஐயா வாங்கி வைத்திருந்த வளையல்களெல்லாம் சொந்தக்காரர்களிடம் திரும்பின. அந்தக் களேபரத்தில் ஐயா பின்வாசல் வழியாக இறங்கிவிட்டார்.

எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது ஒருவர் மட்டும் மெதுவாக அம்மாவின் அருகில் வந்தார்.

"பக்கத்துத் தெருவுல ஒருத்தர் பச்சைத் தண்ணி வச்சிருக்காராமே, அவர் நிஜமானவரா?"

அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "முதல்ல அவரைத் துப்பச் சொல்லுங்க. அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிங்க. அதுக்கு டோக்கன் வேண்டாம்."