காதால் கேட்டு ஜீப் வாங்கப் போன கதை

ஒரு வாகனத்தின் உடல்நிலையைக் காதால் கேட்டே சொல்லிவிடலாம் என்று நான் ரொம்பக் காலம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் நம்பியது போதாதென்று சொந்தக்காரர்களையும் நம்பவைத்திருந்தேன். இத்தனைக்கும் என் தொழில் கண் சம்பந்தப்பட்டது. கண்டி டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊராரின் பார்வையைத் திருத்துகிறவன் எதற்காகக் காதை நம்பிக்கொண்டு அலைகிறான் என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திராது.

புகழுக்குக் காரணம் என் பழைய சின்னக் கார். அதன் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் பெயர் வைத்திருந்தேன். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வருவது மாமாவின் இருமல். இறக்கத்தில் வருவது சித்தியின் பெருமூச்சு. இதைக் கேட்டுக் கேட்டே நான் நிபுணனாகிவிட்டேன். குடும்பத்தில் யார் வாகனம் வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் பொனட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். "ம்ம்... ரெண்டாவது சிலிண்டர் கொஞ்சம் மனவருத்தத்துல இருக்கு" என்பேன். விற்க வந்தவன் முகம் வெளிறும். (வாங்கிய வாகனம் நன்றாக ஓடினால் பெருமை எனக்கு. ஓடாவிட்டால் குற்றம் ரோட்டுக்கு.)

இப்படி ஓடிக்கொண்டிருந்த என் வாழ்க்கையில் என் மனைவி சாந்திக்குப் பதவி உயர்வு வந்தது. மடுல்கெல்ல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அதிபர், அதாவது தலைமையாசிரியை. திங்கட்கிழமை பொறுப்பெடுக்க வேண்டும். நாங்கள் இருப்பது கட்டுகஸ்தோட்டையில். பஸ்ஸில் போனால் மாறி மாறி ஏறி, மிச்சத்தை நடந்து, அசெம்பிளி முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். சரியென்று முன்கூட்டியே வழி பார்த்துவர ஒருநாள் பழைய காரில் அழைத்துப் போனேன். பாடசாலைக்குக் கொஞ்சம் கீழே, ரோட்டின் நடுவில், தலையை நீட்டிக்கொண்டு ஒரு பாறை இருக்கிறது. காரின் வயிறு அதில் உட்கார்ந்துவிட்டது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்கள்.

"உயரமான வண்டி ஒன்னு கெடைக்கணும். இல்லன்னா இந்தப் பதவி வேணாம்னு சொல்லிரப் போறேன்" என்றாள் சாந்தி அன்று இரவு. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பதவிக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் நிலத்தை விட்டு ஒரு சாண் எழும்பி நிற்கும் வாகனம் எல்லாமே ஜீப்தான். கம்பெனிக்காரர்கள் அதற்குக் குரொஸ்ஓவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காருக்கும் ஜீப்புக்கும் கல்யாணம் செய்துவைத்துப் பெற்ற பிள்ளை மாதிரி இருக்கும். புதியதைப் பார்க்க ஒரு ஷோரூமுக்குப் போனோம். விலையைக் கேட்டதும் வாசலில் கழற்றி வைக்கத் தேவையில்லாத செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆகவே வேறொருவர் பாவித்த வண்டிதான்.

கெலிஓயாவில் ரவூப் ஹாஜியார் என்று ஒருவர். புடவைக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். கண்ணாடிக்கு என்னிடம்தான் வருவார்; அண்ணன் முறையில் நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். அவரிடம் ஒரு ஜப்பான் ஹைபிரிட் ஜீப் விற்பனைக்கு இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் போனோம். ஞாயிறு காலையில் கம்பளையிலிருந்து வேறொருவர் பார்க்க வருவதாக அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாத மனிதர். பம்பரின் அடியில் குனிந்து பார்த்தால்கூடத் தெரியாத ஒரு கீறலைத் தானே தடவிக் காட்டினார்.

"முதல்ல டீயக் குடிங்க தம்பி. வண்டி எங்கயும் ஓடிப் போகாது" என்று உட்காரவைத்து வட்டலப்பம் கொடுத்தார். பிறகு போய்ப் பட்டனை அமுக்கினார்.

நான் நாலு பேர் பார்க்கும்படி சட்டைக் கையை மடித்துவிட்டு, பொனட்டில் காதை வைத்து, கண்ணை மூடினேன்.

ஒன்றுமில்லை. இருமல் இல்லை, பெருமூச்சு இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோ மட்டும் கேட்டது.

"ஸ்டார்ட் பண்ணுங்க நானா."

"ஸ்டார்ட்லதான் ஈக்குது தம்பி."

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்வான்? "நானா, எனக்கு ஹைபிரிட் பற்றி ஒன்றும் தெரியாது, சொல்லித்தாருங்கள்" என்பான். நான் தலையை மெதுவாக ஆட்டி, "ம்ம்... அருமையான எஞ்சின். சத்தமே இல்ல" என்றேன். (அந்த நேரத்தில் எஞ்சின் ஓடவே இல்லை. பெற்றரியில் நின்றது. ஓடாத எஞ்சினைப் பாராட்டிய ஒரே நிபுணன் நான்தான்.)

சாந்தி இந்தக் கச்சேரி எதையும் பார்க்கவில்லை. அவள் தன் குடையை எடுத்து ஜீப்பின் வயிற்றுக்குக் கீழே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். முந்தைய வாரம் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் குடையை நிறுத்தி, பாறை எதுவரை வருகிறதோ அந்த இடத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி வைத்திருக்கிறாள். வளையம் வயிற்றில் முட்டாமல் தாராளமாக உள்ளே போனது. பிறகு சாரதி ஆசனத்தில் ஏறி, அதை முன்னுக்கு இழுத்து, டாஷ்போர்டில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து ஹாஜியாரிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். அவர் மெதுவாக ஏதோ சொன்னார். நான் டயரை உதைத்துக்கொண்டிருந்தேன். டயரை எதற்கு உதைக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கண்டியில் வாகனம் வாங்குகிறவர்கள் கடைசியாக ஒரு சோதனை வைப்பார்கள். ஜப்பான்காரன் என்ன சொன்னாலும் சரி, எங்கள் வீட்டு ஏற்றத்தில் ஏறுகிறதா? ஏறினால்தான் பேச்சு. எங்கள் லேனோ, வீடு கட்டியவர்கள் ஏணியைத் தரையில் போட்டு அதன்மேல் கொங்கிரீட் ஊற்றியது போல இருக்கும். ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவோடு பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டார். சாந்தி அவருக்கு முன்னால் இடப்பக்கம். ஓட்டியது நான்.

பேராதனை தாண்டி, டவுன் நெரிசலில் ஊர்ந்து, கட்டுகஸ்தோட்டைக்கு வரும்போது வெளிச்சம் மங்கி, மழை இருட்டும் சேர்ந்துவிட்டது. லேனில் திருப்பினேன். ஜீப் பூனை மாதிரி ஏறியது. எனக்கே கொஞ்சம் பெருமை. பாதி ஏற்றத்தில் மேலேயிருந்து ஓர் ஓட்டோ இறங்கியது. வழிவிட நிறுத்தினேன்.

நிறுத்தியதும் அந்த ஜீப் மூச்சை விட்டுவிட்டது.

ஏறும்போது கேட்ட கொஞ்ச நஞ்சச் சத்தமும் இல்லை. முழு மௌனம். பின்னால் அந்த ஏற்றம் இப்போது இறக்கமாகி, அதன் அடியில் பெரிய வடிகான், அதற்கும் அப்பால் கீழ் வீட்டுச் சிங்களவர் பண்டார மாத்தயாவின் கோழிக்கூடு. ஓட்டோ போய்விட்டது. என் உயிரும் அதில் ஏறிப் போய்விட்டது போலிருந்தது.

"எஞ்சின் செத்துருச்சு!" என்று கத்தினேன்.

"தம்பி, அது சாகல்ல, அது வந்து..."

"நானா, விளக்கம் பொறகு! எறங்கிக் கல்ல வைங்க! சாந்தி, நீயும் எறங்கு! ரெண்டு உயிராவது மிஞ்சட்டும்!"

மலைநாட்டில் வளர்ந்தவனுக்கு இது இரத்தத்தில் இருக்கிறது. ஏற்றத்தில் வாகனம் நின்றால் முதலில் டயருக்குக் கல், பிறகு தள்ளுவதற்கு ஆள். சாந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "எறங்குன்னா எறங்கு!" என்றேன். இறங்கினாள். கண்ணாடியைத் திறக்க நினைத்து நான் எதையோ அமுக்க, நாலு கண்ணாடியும் ஏறி மூடிக்கொண்டன. பின்னால் துடைப்பான் வேலை செய்யத் தொடங்கியது. அதற்குமேல் எதையும் தொடப் பயந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஹாஜியார், பாவம், எங்கிருந்தோ ஒரு செங்கல்லைத் தேடிக்கொண்டு வந்தார். என் கத்தல் கேட்டு மேல் வீட்டு ரமேஷ் சாரமும் துவாயுமாக, தலையில் சவர்க்கார நுரையோடு இறங்கி வந்தான். கீழேயிருந்து பண்டார மாத்தயா வந்தார். தள்ளு என்றால் சிங்களத்திலும் தள்ளுதான் என்பதால் அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ரமேஷ் கண்ணாடியில் தட்டினான். "அண்ணே! மேலயா கீழயா?"

"மேல! மேல தள்ளு!"

"ஏலுமாண்ணே?"

"நாலு பேரு சேந்தா எதுதான் ஏலாது!" என்று உள்ளேயிருந்து வீரவசனம் பேசினேன்.

"ஹேய்ய்... ஹோ! ஹேய்ய்... ஹோ!" என்று சத்தம் கிளம்பியது. ஜீப் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. அப்போதுதான் பின்கண்ணாடியில் அவர்களைப் பார்த்தேன். அந்த மங்கலில் அத்தனை பேர் முகமும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. ரமேஷின் நுரைகூட ரோஸ் நிறம். ஹாஜியாரின் வெள்ளை ஜுப்பா நெஞ்சுவரை சிவப்பாகத் தெரிந்தது. (ஜுப்பாகூடச் சிவக்கும் அளவுக்கு ஒரு மனிதர் பாடுபடுகிறாரே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.) எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன மத பேதமில்லாமல் எனக்காக உழைக்கிறார்களே என்று மனதுக்குள் ஒரு மேடைப்பேச்சே ஓடியது.

சாந்தி மட்டும் தள்ளவில்லை. பின்னால் நின்று கொஞ்ச நேரம் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து, உள்ளே கையை நீட்டி எதையோ ஒன்றை அமுக்கினாள்.

"இப்ப எறங்குங்க. நான் கொஞ்சம் பாக்குறேன்."

"எறங்கினா வண்டி போயிரும் சாந்தி!"

"போகாது. எறங்குங்க."

அதிபர் குரல். இறங்கினேன். அவள் சாரதி ஆசனத்தில் ஏறினாள். நான் சும்மா நிற்கவில்லை. பின்னால் ஓடிப்போய், "எல்லாரும் வெலகுங்க, இதுக்கு ஒரு நெளிவு இருக்கு" என்று தோளைக் கொடுத்து, முழு மூச்சோடு உந்தினேன். ஜீப் சத்தமே இல்லாமல் நழுவி மேலே போனது. நான் கொங்கிரீட்டில் நாலு காலில் நின்றேன்.

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டே அவர்களைப் பார்த்துச் சொன்னேன்: "பாத்தீங்களா? நான் கை வச்சதும் போயிருச்சு."

ஹாஜியார் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பண்டார மாத்தயா என் தோளைத் தட்டிவிட்டுக் கோழிகளைப் பார்க்கப் போனார்.

வீட்டு வாசலில் நான் சாந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "வேணாம். ஏத்தத்துல உயிர விட்ட வண்டி. கம்பளைக்காரன் எடுத்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"நான்தானே ஓட்டப் போறேன்? எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். பிறகு ஹாஜியாரிடம் போய், "நானா, கம்பளையில இருந்து வர்றவங்கள வர வேணாம்னு சொல்லிருங்க" என்றாள்.

திங்கட்கிழமை மடுல்கெல்லப் பாறையை அந்த ஜீப் தொடாமல் தாண்டியது. எனக்கு மட்டும் பயம் போகவில்லை. சாந்திக்குத் தெரியாமல் பலா மரத்தில் ஓர் ஆப்புக்கட்டை செதுக்கி, டிக்கியில் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஏற்றத்தின் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் லேன் இன்னும் செங்குத்தாகி, என் தோள் இன்னும் அகலமாகிக்கொண்டு வந்தது.

தீபாவளிக்கு ஹாஜியாரையும் ரமேஷையும் சாப்பிட அழைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் படிக்கும் எங்கள் மகள் தர்ஷினியும் வந்திருந்தாள். சம்பவம் நடந்தபோது அவள் இல்லாததால், சாப்பாட்டு மேசையில் நான் முழுக் கதையையும் நடித்துக் காட்டினேன். "கண்ணாடியில பாக்குறேன், எல்லாருடைய முகமும் செவந்து போய்..." என்ற இடத்துக்கு வந்தபோது ரமேஷுக்கு முறுக்குத் தொண்டையில் சிக்கிவிட்டது.

தண்ணீர் குடித்துவிட்டு, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அது எங்க மொகம் செவக்கலண்ணே. லைட்டு" என்றான்.

"என்ன லைட்டு?"

சாந்தி எழுந்து குழம்பை எடுக்கப் போனாள். குழம்பு மேசையில்தான் இருந்தது.

"நீங்க எல்லாரும் பாத்தீங்களா?"

"பாக்காம? மூஞ்சிக்கு நேரா எரியுது" என்றான் ரமேஷ்.

"பின்ன எதுக்குடா தள்ளுனீங்க?"

"எங்கண்ணே தள்ளுனோம்? கைய வச்சிட்டு நின்னோம். நீங்க தள்ளச் சொன்னீங்க, அதுக்காக ஹேய் ஹோன்னு சத்தம் மட்டும் போட்டோம்."

ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தபடி, "தம்பிட மனசு நோகக் கூடாதெண்டு செல்லல்ல. டீச்சரும் செல்ல வாணாமெண்டு கண்ணால காட்டினாங்க" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர்களை எங்கே போய்த் தேடுவது? அறுபதைத் தாண்டிய ஒரு ஹாஜியார், விற்க வந்த இடத்தில், தன் ஜீப்பின் பெயர் கெட்டாலும் பரவாயில்லை, என் மானம் கெடக்கூடாதென்று செங்கல்லோடு நின்றிருக்கிறார். ஒருவன் தலையில் நுரையோடு கூப்பாடு போட்டிருக்கிறான். என் மனைவி அத்தனை மாதமும் நான் அளந்ததைக் கேட்டு "ம்" கொட்டியிருக்கிறாள்.

அந்த ஆப்புக்கட்டையையும் அவள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. இப்போது அது அதிபர் அறைக் கதவு காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் நான் ஏதாவது ஒன்றில் பிடிவாதமாக நின்றால் தர்ஷினி வாதாட வருவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போனிலேயே, "அப்பா, பின்னால செவப்பு எரியுது" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

அன்று நடந்தது இவ்வளவுதான். ஜீப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை; ஹைபிரிட் நின்றால் எஞ்சினும் தானாக ஓய்ந்துவிடும், சாந்தி கையை நீட்டி அமுக்கியது ஹாண்ட்பிரேக் பட்டன். அவர்கள் தள்ளுவதாக நான் கண்கலங்கிய அத்தனை நேரமும், என் வலது கால் பிரேக்கின் மேல் முழு பலத்தோடு இருந்தது.